மணியம், கணக்கு, ஊராட்சி: தருமபுரிக் கிராம நிர்வாகத்தின் வரலாறு

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒவ்வொன்றும் இரண்டு அலுவலகங்களுக்குக் கட்டுப்பட்டது. பட்டா மாற்றவும், சிட்டா அடங்கல் நகல் வாங்கவும், பிறப்பு இறப்பைப் பதியவும் மக்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறார்கள். வீட்டு வரி கட்ட, தெருக்குழாயில் தண்ணீர் வராததைச் சொல்ல, எரியாத விளக்கைப் பற்றி முறையிட ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிறார்கள். முன்னவருடைய எல்லை வருவாய் கிராமம், பின்னதன் எல்லை ஊராட்சி. இரண்டு எல்லைகளும் பல இடங்களில் பொருந்துவதில்லை. முன்னவர் வட்டாட்சியருக்குக் கீழே அரசு ஊழியர். ஊராட்சித் தலைவரோ வாக்குப் பெற்று வந்தவர். கிராமம் ஒன்றே என்றாலும் அதன் நிலம் ஒரு கணக்கிலும் தெரு வேறொரு கணக்கிலும் இருப்பதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முதல் ஏடுகளில் சில தருமபுரியிலேயே எழுதப்பட்டவை.

அதற்கும் முந்திய காலத்துக்குக் கல்லே சான்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூரே இன்றைய தருமபுரி. இந்த வட்டாரத்திலும் அடுத்துள்ள செங்கம் பகுதியிலும் பல்லவர் காலம் தொட்டு நடப்பட்ட நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் அவற்றைப் படியெடுத்து நூல்களாக வெளியிட்டது. கல்லில் உள்ள செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: அரசனின் ஆட்சியாண்டு, நாட்டை ஆண்ட தலைவன், ஊர், தொறு கவர வந்தவர்கள், தொறு மீட்டுப் பட்ட வீரன். ‘தொறு’ என்பது மாட்டு மந்தை. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில் நெல் வயலைவிட மந்தையே ஊரின் செல்வம், அதைக் காப்பதே ஊரின் முதல் பொதுக் காரியம். ‘புறமலை நாடு’ முதலிய நாட்டுப் பெயர்களும் இக்கற்களில் வருகின்றன. அரசன் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் ஊர், நாடு என்ற இரண்டு அடுக்கும் மாறவில்லை.

தமிழகத்தின் ஊராட்சி வரலாறு என்றதும் உத்திரமேரூரும் அதன் குடவோலைத் தேர்தலும் நினைவுக்கு வருவது வழக்கம். முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும் வாரியங்கள், பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேயம் ஒன்றின் சபைக்கு உரியவை. ஏரிப்பாசனமும் உபரி நெல்லும் நிறைந்த நிலத்தில் வளர்ந்தவை. தகடூர் நாட்டின் நிலைமையை அவற்றைக் கொண்டு அளக்க முடியாது. இங்கே 9-ஆம் நூற்றாண்டில் நொளம்பர் ஆண்டபோது கல்வெட்டு கன்னடத்தில் வெட்டப்பட்டது. சோழர் காலத்தில் இந்தப் பகுதி நிகரிலிச்சோழ மண்டலத்துக்குள் அடங்கியது. பிறகு போசளர், விசயநகரத்தார், மைசூர் உடையார், ஐதர் அலி, திப்பு என்று எல்லைப்புற நாட்டுக்கே உரிய வேகத்தில் ஆட்சிகள் மாறின. மேலே ஆள்பவர் அடிக்கடி மாறும் இடத்தில், வரியைத் திரட்டித் தர ஊருக்குள் நிலையான ஓர் ஆள் எல்லா ஆட்சிக்கும் தேவைப்பட்டார். அந்தத் தேவையிலிருந்துதான் மணியமும் கணக்கும் பரம்பரை உரிமைகளாக வேரூன்றின.

பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தச் சீமையில் மணியக்காரர் வரி தண்டினார், சிறு வழக்குகளைத் தீர்த்தார். கர்ணம் என்றும் கணக்குப்பிள்ளை என்றும் சொல்லப்பட்டவர் நிலத்தையும் விளைச்சலையும் பாக்கியையும் எழுதி வைத்தார். தலையாரி காவல் பார்த்தார். தோட்டி, வெட்டியான் ஆகியோர் ஓலை கொண்டு போவது, தண்டோரா போடுவது, வரிப்பணத்துக்குத் துணையாக நடந்து போவது, சாவுச் செய்தி சொல்வது வரை எல்லா ஏவல் வேலையையும் செய்தார்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வரியில்லாத அல்லது வரி குறைந்த மானிய நிலமும், அறுவடையில் களத்துமேட்டில் அளந்து தரும் மேரையும்தான் வருமானம். தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் பங்கும் அதே களத்தில் பிரிந்தது. யாருக்கு எத்தனை படி என்ற வரிசையில் சாதி அடுக்கு அப்படியே படிந்திருந்தது. ‘கிராமக் குடியரசு’ என்று பிற்காலத்தில் புகழப்பட்ட அமைப்பின் அன்றாட உருவம் இதுதான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு மக்கள் மொழி தெரியாது என்பதால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் ராணுவ அதிகாரியான கேப்டன் அலெக்சாண்டர் ரீடைக் கலெக்டராக நியமித்தார். ரீடின் உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் 1799 வரை தருமபுரியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு குதிரையில் ஊர் ஊராகச் சென்று வயல்களை அளந்தார், உழவர்களிடம் நேரில் பேசி வரி விதித்தார். நிலவரித் திட்டத்தை உருவாக்கும்போது ரீடும் அவருடைய உதவியாளர்களும் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் பல தொகுதிகளாக அச்சாயின. 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஒரு தமிழ் மேட்டுநிலக் கிராமம் எப்படி இயங்கியது என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் ஆவணங்கள் குறைவு.

அந்த அளவையின் முடிவில் பிறந்தது ரயத்துவாரி. 1796-இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பின்படி உழவர் தாம் விரும்பிய வயலை ஆண்டுதோறும் வைத்துக்கொள்ளவோ விட்டுவிடவோ முடியும். வயலுக்கு ஏற்ற வரியை நேரே அரசுக்குக் கட்ட வேண்டும். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய முறை இது. கிராம நிர்வாகத்தில் அதன் விளைவு பெரியது. அதுவரை பல இடங்களில் ஊர் மொத்தத்துக்கும் ஒரு தொகை பேசப்பட்டு, ஊருக்குள் பங்கிடப்பட்டது. ரயத்துவாரியில் ஊர் என்ற கூட்டு நடுவிலிருந்து விலகியது. அரசும் பட்டாதாரரும் எதிரெதிரே நின்றார்கள். ஆனால் மணியக்காரரும் கர்ணமும் விலகவில்லை. ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனிக் கணக்கு என்று ஆனபின் அவர்கள் இல்லாமல் அரசால் ஓரடியும் எடுத்து வைக்க முடியாமல் போனது. ஊரின் ஆட்களாக இருந்தவர்கள் அரசின் ஆட்களாக மாறிய இடம் இது.

இடையில் ஒரு திருப்பம். ரீடும் மன்றோவும் போனபின், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்பெனி அரசு வங்காளத்து நிரந்தர வரித் திட்டத்தை இங்கும் கொண்டுவர முயன்றது. கிராமங்கள் மிட்டா என்ற தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டன. பல மிட்டாதாரர்களால் பேசிய தொகையைக் கட்ட முடியவில்லை. மிட்டாக்கள் ஒவ்வொன்றாக அரசிடமே திரும்பி ரயத்துவாரிக்குள் வந்தன. எஞ்சியவை 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன.

மன்றோ 1814-இல் நீதி நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷனின் தலைவராகச் சென்னை திரும்பினார். தருமபுரியிலும் பின்னர் கடப்பை, பல்லாரிப் பகுதிகளிலும் கண்டதை வைத்து, சிறு வழக்குகளை ஊரிலேயே தீர்க்கலாம் என்பது அவர் கருத்து. 1816-இல் வந்த சட்டங்கள் ஊர்த் தலைவரான மணியக்காரரைக் ‘கிராம முன்சீப்’ ஆக்கின. பத்து ரூபாய் வரையான வழக்குகளை அவர் விசாரிக்கலாம்; கட்சிக்காரர்கள் ஒப்பினால் பஞ்சாயத்தைக் கூட்டலாம். ஏச்சுப்பேச்சு, சிறு அடிதடிக்கு ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ‘தாழ்ந்த சாதியார்’ என்றால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். ஒரே குற்றத்துக்குச் சாதியைப் பார்த்து இரண்டு தண்டனைகளை வகுத்த இந்தச் சட்டத்தை எழுதியது கம்பெனி அரசு. வழக்கம் என்ற பெயரில் ஊரில் இருந்ததற்கு அது முத்திரை குத்தியது. முன்சீப் பதவி நிலைத்தது. பஞ்சாயத்துக்கென வந்த சட்டமோ அதிகம் பயன்படவில்லை. 1889-இன் கிராம நீதிமன்றச் சட்டம் முன்சீப்பின் அதிகாரத்தை இருபது ரூபாய் வழக்குகளுக்கு உயர்த்தியது.

அடுத்த நூறாண்டுக்கு அரசாங்கம் என்றால் கிராமத்தில் முன்சீப்தான். கிஸ்தி என்னும் நிலவரித் தவணை வசூல், பிறப்பு இறப்புப் பதிவு, குற்றச் செய்தியைப் போலீசுக்கு அனுப்புவது, முகாம் வரும் அதிகாரிக்கு ஏற்பாடு செய்வது, மேய்ச்சல் தவறி வயலில் இறங்கிய மாட்டைப் பவுண்டில் அடைப்பது என எல்லாம் அவர் தலையில் விழுந்தன. ஜூலை முதல் தேதி தொடங்கும் பசலி ஆண்டுக்கான கணக்கு ஜமாபந்தியில் தணிக்கையாகும். அன்று மணியக்காரரும் கர்ணமும் கட்டுக்கட்டாகப் பதிவேடுகளோடு தாலுகா கச்சேரியில் காத்திருப்பார்கள். இந்த நிர்வாகத்தின் சொற்களே ஒரு வரலாறு. பசலியும் ஜமாபந்தியும் தாசிலும் முகலாய, மைசூர் ஆட்சிகளின் வழியே பாரசீக, அரபுச் சொற்களாக வந்தவை. அடங்கல் நல்ல தமிழ். எல்லாம் ஒரே மேசையில் கிடந்தன.

அன்றைய முன்சீப் குடும்பங்களில் ஒன்று பின்னாளில் நாடறிந்தது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியின் முன்சீப்பாக இருந்தவரின் மகன் சி. ராஜகோபாலாச்சாரி, 1878-இல் பிறந்தவர். அவர் 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். பின்னர் மாகாண முதல்வரும், இந்தியாவின் கவர்னர் ஜெனரலும் ஆனார். அன்று சேலம் ஜில்லாவில் இருந்த தொரப்பள்ளி, 1965 முதல் 2004 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.

வரியைத் திரட்டும் ஏற்பாடு இவ்வளவு நேர்த்தியாக இருந்தும், திரண்ட பணம் ஊருக்குத் திரும்பும் வழி எதுவும் இல்லை. 1876–78 பஞ்சம் அந்தக் குறையை வெளிச்சமாக்கியது. தருமபுரியையும் உள்ளடக்கிய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871-இல் 19.67 லட்சம், 1881-இல் ஏறத்தாழ 16 லட்சம். பஞ்சப்படி வழங்கும் கிராமத் திட்டத்திலும் ஊர்த் தலைவரே இடைநின்றார். கிஸ்தி கேட்ட அதே கை யாருக்கு உதவி என்பதையும் முடிவு செய்தது.

உள்ளூர்ச் செலவுக்கென்று தனி நிதி 1871-இன் உள்ளூர் நிதிச் சட்டத்தோடு தொடங்கியது. ரிப்பன் பிரபு 1882-இல் வெளியிட்ட தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-இல் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கிராம யூனியன் என மூன்றடுக்கை அமைத்தது. நிலவரியோடு ரூபாய்க்கு ஓரணா வரை நிலத்தீர்வை சேர்த்து வசூலிக்கப்பட்டது. சாலை, சத்திரம், மருந்தகம், பள்ளிக்கூடம் ஆகியவை போர்டின் பொறுப்பு. தருமபுரித் தாலுகாவின் சாலைகளும் பள்ளிகளும் சேலம் ஜில்லா போர்டின் கணக்கில் ஏறின. யூனியன் என்பது சற்றுப் பெரிய ஊர்களுக்குத்தான் கிடைத்தது. சிற்றூர்கள் வெளியே நின்றன.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே பாரிஷ் என்பது மாதாகோயிலை மையமாகக் கொண்ட கிராமப் பிரிவு. சாலைகளைச் செப்பனிடும் கடமை 1555-இலும், ஏழைகளைப் பராமரிக்கும் கடமை 1601-இலும் சட்டப்படி பாரிஷின் மேல் சுமத்தப்பட்டன. அதற்கான வரியைப் பாரிஷே தன் வீடுகளிலும் நிலங்களிலும் விதித்து, தன் எல்லைக்குள்ளேயே செலவிட்டது. அதை நடத்தியவர்களும் ஊர்ப் பெரிய மனிதர்கள்தான். ஏழைகளுக்கு அங்கே குரல் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் வரியும் செலவும் ஒரே கணக்கில் இருந்தன. தருமபுரிக் கிராமத்தில் வரி முதலில் வெளியே போனது; செலவு நெடுநாள் கழித்து, வேறொரு வாசல் வழியாக, மிகக் குறைவாக உள்ளே வந்தது. ஒரு வேடிக்கை என்னவென்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்களை இங்கிலாந்து 1894-இல்தான் ஏற்படுத்தியது. சென்னை மாகாணத்தின் கிராம யூனியன் சட்டம் அதற்குப் பத்தாண்டு மூத்தது, காகிதத்தில்.

1920-இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கிணறு, பாதை, விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் அமைப்பாக அந்தப் பஞ்சாயத்து இருந்தது. மணியமும் கணக்கும் அதன் கீழ் வரவில்லை. 1930-களில் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன. இந்தக் காலத்தின் முக்கியமான கேள்வி, பொதுப் பணத்தில் வெட்டிய கிணறு யாருக்குப் பொது என்பது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பாதை, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்று அறிவிக்க வைத்தது. அரசாணை வந்துவிட்டது. ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிக் கிணறு என்ற ஏற்பாடு அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்து பற்றி இரண்டு பார்வைகள் மோதின. காந்தியவாதிகள் கிராமத்தை ஆட்சியின் அடித்தளமாகக் கண்டார்கள். அம்பேத்கர் அதைக் குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகக் கண்டார். 40-ஆவது பிரிவு பஞ்சாயத்துகளை அமைக்கும்படி மாநிலங்களுக்கு வழிகாட்டியதோடு நின்றது. 1950-இன் சென்னைச் சட்டம் 500 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கெல்லாம் பஞ்சாயத்து என்று விரிந்தது. 1958-இன் சட்டம் ஜில்லா போர்டை நீக்கி, பல பஞ்சாயத்துகளைச் சேர்த்து ஊராட்சி ஒன்றியங்களை உண்டாக்கியது. 1960–61-இல் அவை செயலுக்கு வந்தன. தொடக்கப் பள்ளிகளும், நாற்பது எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகளும், ஒன்றியச் சாலைகளும் அவற்றின் பொறுப்பாயின. நிலவரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு உள்ளூர்த் தீர்வையாகச் சேர்ந்தது. ‘சேர்மன்’, ‘பிரசிடெண்ட்’, ‘பி.டி.ஓ. ஆபீஸ்’ என்பவை தருமபுரிப் பேச்சுத் தமிழில் நிலைபெற்றது இந்தக் காலத்தில்தான். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அதனுள் இருந்தன.

மணியமும் கணக்கும் பரம்பரையாகத் தொடர்ந்தன. 1895-இன் பரம்பரைக் கிராமப் பதவிச் சட்டம் அதற்குக் காப்பு. ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுப் பதவியைப் பிறப்பை வைத்துக் கொடுப்பது சமத்துவ உரிமைக்கு முரண் என்று தீர்த்தது. ஆயினும் அடுத்த இருபதாண்டுக்குப் பகுதி நேர மணியக்காரர்களும் கர்ணங்களும் இருந்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்வாணையத் தேர்வெழுதி, சொந்த ஊர் வேறாக இருந்தாலும் பணியேற்று வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்தில் அமர்ந்தார்கள். தலையாரி கிராம உதவியாளர் ஆனார். தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டின் பரணில் இருந்த கணக்குக் கட்டுகள் வெளியே வந்தன. ஊரில் சில குடும்பங்களின் செல்வாக்கு அதோடு சரிந்தது. தமிழகக் கிராம வரலாற்றில் இதைப் போல் சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம் வேறு சொல்வது கடினம். அப்போதும் புதிய அலுவலர் வருவாய்த் துறைக்கே உரியவரானார். அவரை ஊராட்சியோடு இணைக்கும் வாய்ப்பு வந்தும் நழுவியது.

இதற்கிடையே ஊராட்சிகளே அரைத் தூக்கத்தில் இருந்தன. 1970-க்குப் பிறகு அடுத்த தேர்தல் 1986-இல், அதற்கடுத்தது 1996-இல். தலைவர்கள் இல்லாத காலங்களில் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலைக் கட்டாயமாக்கின. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. 2016-இல் பெண்களின் பங்கு பாதியானது. மணியக்காரர் காலத்தில் சாவடித் திண்ணை ஏறமுடியாதவர்களின் பேரன் பேத்திகள் காசோலையில் கையெழுத்திடும் நாற்காலிக்கு வந்தார்கள். பல ஊர்களில் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் கணவரோ பழைய பெரியதனக்காரரோ நின்றது உண்மை. நாற்காலியில் உட்கார்ந்தே தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த முறை பொதுத் தொகுதியில் நின்றவர்கள் இருந்ததும் உண்மை.

தருமபுரியில் ஊராட்சியின் தலையான வேலை தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட மாவட்டம் இது. ஊராட்சி எத்தனை ஆழ்துளைக் கிணறு போட்டாலும் நோய்க்கு மருந்தில்லை. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் முடிந்து, 2013 மே மாதம் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கிராமத் தொட்டிகள் வரை கொண்டுவந்தது. தொட்டி வரை குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து குழாய் வரை ஊராட்சி. 2008 முதல் நூறு நாள் வேலையும் ஊராட்சி வழியே வந்ததால், ஏரி தூர்வாரும் பழைய குடிமராமத்தின் இடத்தில் கூலிப் பட்டியலும் வருகைப் பதிவும் வந்தன.

சட்டத்துக்குள் வராத பஞ்சாயத்து ஒன்றும் தொடர்ந்தது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகளில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்க்கவுண்டர்கள் திருமணம், திருவிழா, பங்காளித் தகராறுகளில் இன்றும் சொல்லுக்கு மதிப்புடையவர்கள். சமவெளியில் சாதிக் கூட்டங்கள் கூடி அபராதம் விதிப்பதும் ஊர்விலக்கம் செய்வதும் வேறு வகை. இத்தகைய கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் ஒரு தமிழக வழக்கிலேயே கூறியது. அடுத்த ஆண்டு நவம்பர் 7 அன்று தருமபுரிக்கு அருகே நத்தம் உள்ளிட்ட தலித் குடியிருப்புகள் கலப்புத் திருமணம் ஒன்றையொட்டி எரிக்கப்பட்டபோது, ஊர் என்ற சொல்லின் பழைய பொருள் எவ்வளவு உயிரோடிருக்கிறது என்பது தெரிந்தது.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தபின் தருமபுரி மாவட்டத்துக்கு எஞ்சியவை 251 கிராம ஊராட்சிகள். 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. கிராம சபை குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. பின்னர் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறானது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிக்கப்படாத நிலையில், ஊராட்சிகளின் பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடம் போனது.